எஸ்எல்பி (பேச்சு-மொழிச் சிகிச்சை) முதுகலை விண்ணப்பம் (அமெரிக்கா): சிஎஸ்டிகாஸ் ஜிபிஏ, முன்பாடங்கள், கடைசித் தேதிக் குழப்பம்

#1 குறில்
வணக்கம். இளங்கலை உளவியல். பல்கலைக்கழகக் கணக்குப்படி ஜிபிஏ (4-க்கு மதிப்பெண் சராசரி) 3.54, மொத்தம் 120 கிரெடிட். மூன்று பாடங்களை (தலா 3 கிரெடிட்) திரும்ப எடுத்ததில் D போய் A வந்துவிட்டது. ஸ்பீச் துறைப் பாடம் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஃபால் (இலையுதிர்ப் பருவ) சேர்க்கைக்கு எஸ்எல்பி மாஸ்டர்ஸ் விண்ணப்பம். எங்கிருந்து தொடங்குவது? கடைசித் தேதி டிசம்பர் 15 என்றால் டிசம்பர் 14 வரை நேரம் இருக்கிறது என்றுதானே பொருள்?

#2 நெடில்
கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: இல்லவே இல்லை. அதைப் பற்றி கீழே யாராவது விரிவாக எழுதுவார்கள், நான் ஜிபிஏவுக்கு வருகிறேன்.

3.54 என்ற எண்ணை இன்றே மறந்துவிடுங்கள். திரும்ப எடுத்த பாடத்தின் பழைய மதிப்பெண்ணை உங்கள் பல்கலை கழித்துவிடலாம், சிஎஸ்டிகாஸ் (பல பல்கலைகளின் எஸ்எல்பி திட்டங்களுக்கு, அதாவது படிப்புகளுக்கு, ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையச் சேவை) கழிக்காது. இரண்டு முயற்சியும் சேரும். உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம்.

மற்ற 111 கிரெடிட்டில் 3.5 சராசரி என்றால் 388.5 புள்ளி. மூன்று A என்பது 9 கிரெடிட், 36 புள்ளி (கிரெடிட்டுக்கு A என்றால் 4 புள்ளி, D என்றால் 1). பல்கலைக் கணக்கு: 424.5 ÷ 120 = 3.54. சிஎஸ்டிகாஸ் கணக்கில் அந்த மூன்று D-யும் திரும்பி வரும்: இன்னொரு 9 கிரெடிட், 9 புள்ளி. 433.5 ÷ 129 = 3.36.

எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டியது 3.36-ஐ வைத்து. "குறைந்தபட்சம் 3.5" என்று போட்டிருக்கும் இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஆண்டுதோறும் இந்த மன்றத்துக்கு வருகிறார்கள்.

ஆறுதலான விஷயமும் உண்டு. பல திட்டங்கள் மொத்த ஜிபிஏவைவிடக் கடைசி 60 கிரெடிட் ஜிபிஏவையும் துறைப் பாட ஜிபிஏவையும் கவனிக்கின்றன. உங்களிடம் துறைப் பாடமே இல்லை என்பதால், இனி எடுக்கப்போகும் ஏழெட்டுப் பாடங்கள்தான் உங்கள் துறை ஜிபிஏ. அதில் ஒரு B- விழுந்தால் தெளிவாகத் தெரியும்.

#3 ஆய்தம்
முன்பாடங்களில் இரண்டு வகை இருக்கிறது. எல்லாரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

முதல் வகை, ஆஷா (அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம்) தரும் தொழில் சான்றிதழுக்கான அடிப்படை அறிவியல். நான்கு: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக/நடத்தை அறிவியல். உளவியல் படித்தவருக்கு நான்காவது கையில் இருக்கிறது. புள்ளியியல் தனிப் பாடமாக இருக்க வேண்டும். "ஆராய்ச்சி முறைகள்" பாடத்துக்குள் பாதிப் பருவம் புள்ளியியல் நடந்தது என்று காட்டினால் செல்லாது. உயிரியல் என்றால் மனித அல்லது விலங்கு உயிரியல் சார்ந்தது. தாவரவியல் எடுத்துவிட்டு வந்து வாதாட வேண்டாம். புவியியல், வானியல், சுற்றுச்சூழல் அறிவியல் எல்லாம் ஒருகாலத்தில் ஏற்கப்பட்டன என்று பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். இப்போது இயற்பியல் அல்லது வேதியியல், அவ்வளவுதான்.

இரண்டாம் வகை, திட்டங்கள் கேட்கும் துறைப் பாடங்கள். லெவலிங் பாடம், போஸ்ட்-பேக் (இளங்கலைக்குப் பின் எடுப்பவை) என்று சொல்வது இவற்றைத்தான். பெரும்பாலும் கேட்பவை: ஒலியியல் (ஃபொனெட்டிக்ஸ்), பேச்சு, செவி உறுப்புகளின் உடற்கூறியலும் இயக்கமும், குழந்தை மொழி வளர்ச்சி, அறிமுக ஆடியாலஜி (செவித்திறன் இயல்), பேச்சு அறிவியல், நரம்பியல் அடிப்படை. சில இடங்கள் செவித்திறன் மறுவாழ்வும் (ஆரல் ரீஹேப்) கேட்கும். யூட்டா ஸ்டேட், லாங்வுட் போன்ற பல்கலைகளில் இவற்றை ஆன்லைனிலேயே படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. துறைக்குள் எடுக்கும் பேச்சு உறுப்பு உடற்கூறியலை "உயிரியல்" கணக்கிலும் சேர்த்து ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்ப்பார்கள். பொதுவாக அந்த மாங்காய் விழாது.

#4 குறில்
மிக்க நன்றி. போஸ்ட்-பேக் முடித்துவிட்டு இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸா, நேராக, முன்பாடங்களும் சேர்ந்த மூன்று ஆண்டு மாஸ்டர்ஸா?

#5 நெடில்
ஜிபிஏவைத் தூக்க வேண்டியவர் போஸ்ட்-பேக் போக வேண்டும். ஜிபிஏ ஏற்கெனவே நன்றாக இருப்பவர் மூன்று ஆண்டுத் தடத்தைப் பார்க்கலாம்: ஒரே விண்ணப்பத்தில் வேலை முடியும். உங்களுக்கு 3.36. முதல் வகை.

#6 ஆய்தம்
நெடில், இதை நான் முழுசா ஒப்புக்கொள்ளலை. மூன்று ஆண்டுத் தடத்துக்கு விண்ணப்பிக்கிறவர் எல்லாருமே வேறு துறை ஆட்கள். அங்கே துறை ஜிபிஏ இல்லாததை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. குறில் இரண்டு தடத்துக்கும் போடலாம். ஒரே பல்கலையின் இரண்டு தடங்களும் சிஎஸ்டிகாஸில் தனித்தனித் திட்டமாக இருந்தால் கட்டணமும் தனித்தனி என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

#7 நெடில்
ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. போஸ்ட்-பேக் பாடங்களை ஃபாலில் எடுத்துக்கொண்டே விண்ணப்பித்தால், விண்ணப்பத்தில் அவை "நடந்துகொண்டிருப்பவை" என்றுதான் நிற்கும், மதிப்பெண் இருக்காது. குளிர்காலத்தில் அகாடமிக் அப்டேட் திறக்கும்போது ஃபால் மதிப்பெண்களைச் சேர்க்கலாம். ஆனால் ஜனவரி தொடக்கத்திலேயே விண்ணப்பங்களைப் படித்து முடிக்கும் சேர்க்கைக் குழுக்கள் அதுவரை காத்திருக்காது. கோடையில் இரண்டு பாடமாவது முடித்து A-வோடு போவது வேறு, ஐந்து பாடத்தை "நடக்கிறது" என்று காட்டுவது வேறு.

#8 வடகரை
தேதி விஷயம். பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் நல்ல விண்ணப்பங்கள் கவிழ்கின்றன.

திட்டங்கள் "கடைசித் தேதி" என்று சொல்வதில் மூன்று பொருள் உண்டு. ஒன்று, அந்த நாளுக்குள் சமர்ப்பித்தால் போதும். இரண்டு, அந்த நாளுக்குள் டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) உட்பட எல்லாம் சிஎஸ்டிகாஸுக்கு வந்து சேர்ந்து "முழுமை" ஆகியிருக்க வேண்டும். மூன்று, அந்த நாளுக்குள் "சரிபார்க்கப்பட்டது" என்ற நிலைக்கே வந்திருக்க வேண்டும். டிசம்பர் 15 மூன்றாவது வகை என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே நீங்கள் சமர்ப்பித்திருக்க வேண்டும்.

சரிபார்ப்பு வரிசையில் விண்ணப்பம் எப்போது நுழைகிறது? நீங்கள் சமர்ப்பித்து, கட்டணம் கட்டி, எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும் வந்து சேர்ந்த பிறகுதான். ஒன்று வராவிட்டாலும் நுழையாது. பரிந்துரைக் கடிதம் வராமல் இருப்பது சரிபார்ப்பைத் தடுக்காது. பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டு, கடிதத்துக்காகக் காத்திருந்து சமர்ப்பிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

"எல்லாக் கல்லூரி" என்றால் எல்லாமும்தான். பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒரே ஒரு பாடம், கோடையில் வேறு ஊரில் எடுத்த வேதியியல், பாதியில் விட்டு W வாங்கியது, எல்லாவற்றுக்கும் தனி டிரான்ஸ்கிரிப்ட். அந்தக் கிரெடிட் உங்கள் முதன்மைப் பல்கலை டிரான்ஸ்கிரிப்டில் மாறுதலாக அச்சாகியிருந்தாலும், பாடத்தை எங்கே படித்தீர்களோ அந்தக் கல்லூரியின் கீழ்தான் பதிய வேண்டும்.

பாடங்களைப் பதியும்போது அதிகாரபூர்வமற்ற பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாடக் குறியீடு, தலைப்பு, கிரெடிட், மதிப்பெண் நான்கையும் அச்சில் உள்ளபடியே தட்டுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். பிழை அதிகம் என்றால் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வரும். திருத்தி அனுப்பினால் மறுபடி வரிசை. பணம் கட்டினால் அவர்களே பதிந்துதரும் சேவையும் உண்டு. நாலைந்து கல்லூரி மாறியவருக்கு அது வீண் செலவு இல்லை. அதற்கும் நாட்கள் பிடிக்கும், அவ்வளவுதான்.

டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது உங்கள் சிஎஸ்டிகாஸ் எண்ணைக் கட்டாயம் இணைக்கவும். எண் இல்லாமல் போனால் ஆளோடு பொருத்துவது தாமதமாகும்.

இன்னொரு பொறி: பல பல்கலைகளில் சிஎஸ்டிகாஸ் போக, பட்டமேற்படிப்புப் பள்ளிக்குத் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் உண்டு. அங்கே டிரான்ஸ்கிரிப்ட் மறுபடி கேட்பார்கள். சிஎஸ்டிகாஸில் பச்சை நிறம் வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

#9 குறில்
வடகரை அண்ணா, இதை நான் அச்சடித்துச் சுவரில் ஒட்டப்போகிறேன். எத்தனை திட்டத்துக்குப் போடுவது?

#10 வடகரை
எண்ணிக்கையைவிடப் பிரிப்புதான் கணக்கு. ஆஷாவின் எட்ஃபைண்ட் தேடலில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், சேர்ந்தவர்களின் ஜிபிஏ எவ்வளவு என்று இருக்கும். "குறைந்தபட்சம் 3.0" என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வாசற்படி. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எண் வேறு. உங்கள் 3.36 நடுவில் விழும் இடங்கள் நாலைந்து, சேர்ந்தவர்களின் ஜிபிஏ அதைவிட மேலே உள்ளவை ஒன்றிரண்டு, கீழே உள்ளவை இரண்டு. சொந்த மாநில அரசுப் பல்கலையை விடவே விடாதீர்கள்.

சிஏஏ (ஆஷாவின் அங்கீகாரக் குழு) அங்கீகாரம் உள்ளதா, அல்லது "கேண்டிடசி" நிலையிலா என்றும் பாருங்கள். இரண்டுமே சான்றிதழுக்கு வழிவிடும். கேண்டிடசி என்பது புதிய திட்டம், அங்கீகாரத்தை நோக்கிப் போகிறது. போட்டி சில சமயம் குறைவு. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு திட்டமும் படிப்பை முடித்தோர் விகிதம், பிராக்ஸிஸ் (தேசியத் தேர்வு) தேர்ச்சி, வேலைவாய்ப்பு மூன்றையும் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஜிஆர்இ (பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வு) பல இடங்களில் போய்விட்டது. உங்கள் பட்டியலில் ஒன்று மட்டும் கேட்டால் அந்த ஒன்றை மாற்றுங்கள். நான்கு கேட்டால் எழுதுங்கள்.

#11 மெல்லினம்
இழைக்குள் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். தமிழ்நாட்டில் பிஏஎஸ்எல்பி (ஆடியாலஜி, பேச்சு-மொழி இளங்கலை) முடித்தவர்களுக்கு இதெல்லாம் எப்படி? மருத்துவமனைப் பயிற்சி மணிநேரம் நிறைய இருக்கிறது. அது கணக்கில் வருமா?

#12 ஆய்தம்
கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மணிநேரம் வராது. ஆஷா சான்றிதழுக்கு 400 மணிநேரம் வேண்டும்: 25 பார்வையிடல், 375 நேரடிச் சிகிச்சை, இந்த 375-ல் 325 பட்டமேற்படிப்பில் நடந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஆஷாவின் சிசிசி சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும். உங்கள் மேற்பார்வையாளருக்கு அது இல்லையென்றால் எத்தனை மணிநேரம் செய்திருந்தாலும் பூஜ்யம். ஆனாலும் விண்ணப்பத்தின் அனுபவப் பகுதியில் எண்ணோடு எழுதுங்கள். குழு படிக்கும்.

நல்ல செய்தி, துறைப் பாடங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. சிலபஸ் பிரதியைக் கையில் வைத்திருங்கள், "எங்கள் பாடத்துக்குச் சமமா" என்று ஒவ்வொரு திட்டமும் கேட்கும். பிளஸ் டூ இயற்பியலைக் காட்டி அடிப்படை அறிவியலைக் கழிக்க நினைக்க வேண்டாம், கல்லூரி மட்டப் பாடம் வேண்டும்.

வெளிநாட்டு மதிப்பெண்ணை அமெரிக்க அளவுக்கு மாற்றும் மதிப்பீட்டுக்கு (டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனங்கள்) "பாடவாரி" அறிக்கையே வாங்குங்கள். மலிவான "ஆவணவாரி" அறிக்கையில் ஜிபிஏ இருக்காது. வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டுவார்கள். டிரான்ஸ்கிரிப்ட் பட்டம் தரும் பல்கலைக்கழகத்திலிருந்து போக வேண்டும், கல்லூரி முத்திரை போதாது. அந்த வேலையை ஜூனிலேயே தொடங்குங்கள்.

#13 வடகரை
பெயரையும் சொல்லிவிடுங்கள் ஆய்தம், நம்மாட்களுக்கு மட்டும் வரும் தலைவலி. மார்க் ஷீட்டில் "எஸ். கவிதா". பட்டச் சான்றிதழில் "கவிதா எஸ்". பாஸ்போர்ட்டில் முன்பெயர் கவிதா, குடும்பப் பெயர் செல்வராஜ். எந்திரத்துக்கு இவர்கள் மூன்று பேர். விண்ணப்பம் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, மற்ற இரண்டு வடிவத்தையும் "வேறு பெயர்கள்" கட்டத்தில். மதிப்பீட்டு நிறுவனத்திலும் அதே ஒழுங்கு. பரிந்துரை எழுதுபவரிடமும் பாஸ்போர்ட் பெயரையே கொடுங்கள்.

#14 நெடில்
மெல்லினத்துக்கு விசா பக்கம். முழு ஆன்லைன் மாஸ்டர்ஸுக்கு எஃப்-1 (மாணவர் விசா) கிடைக்காது, பட்டியலிலிருந்து முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் அனுமதி) 12 மாதம். எஸ்எல்பி ஸ்டெம் (அறிவியல்-தொழில்நுட்பத் துறைகள்) பட்டியலில் இல்லை என்பதால் நீட்டிப்பு கிடையாது. கிளினிக்கல் ஃபெலோஷிப் (சான்றிதழுக்கு முன் வழிகாட்டியின் கீழ் செய்யும் வேலை) குறைந்தது 36 வாரம், வாரம் 35 மணிநேரம், மொத்தம் 1,260. ஓராண்டுக்குள் அடங்கும். ஆனால் மாநில உரிமம் வரத் தாமதமாகும் வாரங்களும் அந்த 12 மாதத்துக்குள்தான் ஓடும். ஆகவே பிராக்ஸிஸ் (5331, தேர்ச்சி 162) கடைசிப் பருவத்திலேயே எழுதுவது நல்லது. பின்னால் எச்-1பி (வேலை விசா) போனால் சுகாதாரப் பணியாளர் சான்று (விசாஸ்கிரீன்) வேண்டும். அமெரிக்காவிலேயே படித்திருந்தாலும் வேண்டும்.

இந்தியா ஆஷாவின் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தத்தில் இல்லை. எம்எஸ்சி முடித்தவர்கள் மட்டும், இங்கே இன்னொரு மாஸ்டர்ஸ் படிக்கும் முன், ஆஷா வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் வழியைப் பார்த்துவிடவும்.

#15 மெல்லினம்
நன்றி. ஆங்கில உச்சரிப்பு ஒரு தடையா? நேர்காணலில் கேட்பார்களா?

#16 ஆய்தம்
வட்டார உச்சரிப்பைக் காரணம் காட்டி மாணவரை ஒதுக்கக் கூடாது என்பது ஆஷாவின் 1998 நிலைப்பாடு. சிகிச்சையில் இலக்கு ஒலியைச் செய்துகாட்ட முடிகிறதா, கேட்டுப் பிரித்தறிய முடிகிறதா என்பதுதான் கேள்வி.

சொல்லப்போனால் இது உங்கள் கட்டுரைக்கான பொருள். "சிறுவயது முதலே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்கும் கட்டுரைகள் கட்டுக்கட்டாக வருகின்றன. "நான் இருமொழியாளர்" என்று ஒரு வரியில் முடிப்பதும் வீண். அதற்குப் பதில் ஒரு ஒலியை எடுங்கள். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களில் முதல் ஒலி மட்டுமே வேறு. இந்த இழையில் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் "பின்"தான்! சொல் முதலில் வரும் வல்லினத்தை ஒலிப்புடையது, ஒலிப்பில்லாதது என்று தமிழ் எழுத்து பிரிப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசும் ஐந்து வயதுக் குழந்தை ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் குழப்பினால், அது கோளாறா, முதல்மொழியின் தாக்கமா? ஆங்கிலச் சொல்லின் மெய்யீற்றில் உகரம் சேர்த்து "புக்கு" என்று சொன்னால்? வித்தியாசத்தையும் கோளாறையும் பிரிக்க இரண்டு மொழியிலும் மதிப்பிட வேண்டும் என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள். குழுவில் இருப்பவர்கள் இதே துறைக்காரர்கள். உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கட்டுரை ஏற்றும்போது கோப்புப் பெயரில் பல்கலை பெயரைப் போட்டுவையுங்கள். ஒரு பல்கலைக்கு இன்னொன்றின் பெயர் போட்ட கட்டுரை போவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. சமர்ப்பித்த பிறகு மாற்ற முடியாது.

#17 குறில்
கடிதம் யாரிடம் கேட்பது? துறைப் பேராசிரியர் யாரும் என்னை அறியமாட்டார்கள்.

#18 நெடில்
பெரும்பாலும் மூன்று கேட்பார்கள், இரண்டு கல்வி சார்ந்ததாக இருக்க வேண்டும். உளவியல் பேராசிரியர் ஒருவர், ஆன்லைன் போஸ்ட்-பேக் ஆசிரியர் ஒருவர் என்று வையுங்கள். ஆன்லைன் ஆசிரியருக்கு நீங்கள் ஒரு பெயர் மட்டும்தான்; ஆகவே முதல் வாரத்திலிருந்தே அலுவல் நேரத்தில் போய்ப் பேசுங்கள். செப்டம்பரில் கேளுங்கள், கேட்கும்போதே தற்குறிப்பு, அவர் பாடத்தில் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரை, தேதிப் பட்டியல் மூன்றையும் கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. சிஎஸ்டிகாஸ் அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பேமில் விழும் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒரு கடிதமே பல திட்டங்களுக்குப் போகலாம் என்பதால் அதில் பல்கலையின் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#19 வடகரை
பணம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு கிராட் பிளஸ் (பட்டமேற்படிப்புக்கான ஒரு கூட்டாட்சிக் கடன்) கிடையாது. பட்டமேற்படிப்புக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 100,000. "தொழில்முறைப் பட்டம்" என்ற வகைக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000. எஸ்எல்பியை எந்த வகையில் வைக்கிறார்கள் என்று நிதியுதவி அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் உதவாது. இந்தத் தொகையையும் கல்விக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளிமாநிலத் தனியார் திட்டங்கள் பட்டியலிலிருந்து தானாகவே உதிரும். கிராஜுவேட் அசிஸ்டென்ட்ஷிப்புக்கு (பல்கலையில் செய்யும் உதவியாளர் பணி) தனி விண்ணப்பமும் தனித் தேதியும் உண்டு.

#20 குறில்
கடைசியாக ஒன்று. காத்திருப்போர் பட்டியலில் போட்டால்?

#21 நெடில்
பல திட்டங்கள் ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல நேரம் தருகின்றன. ஆகவே பட்டியல் நகர்வது அந்தத் தேதிக்கு முன்னும் பின்னுமான நாட்களில்தான். அதற்குப் பிறகு ஜூலையில்கூட இடம் திறக்கும். "இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், வசந்தப் பருவ மதிப்பெண் இது" என்று நான்கு வரி ஒருமுறை எழுதுங்கள். வாராவாரம் எழுத வேண்டாம். பட்டியலில் உங்கள் இடம் எத்தனையாவது என்று கேட்கலாம், சிலர் சொல்வார்கள்.

உங்களிடம் இரண்டு இடத்திலிருந்து அழைப்பு இருந்தால், போகப்போகாத ஒன்றை உடனே திருப்பிக் கொடுங்கள். அது இன்னொரு குறிலின் இடம்.

#22 ஆய்தம்
குறில், ஃபொனெட்டிக்ஸ் கோடைப் பாடத்துக்கான பதிவு சில பல்கலைகளில் வசந்தத்திலேயே நிரம்பிவிடும். விண்ணப்பத்தை அப்புறம் யோசிக்கலாம், முதலில் அந்த இடத்தைப் பிடியுங்கள்.